வளர்விகித வருமான வரியும் குடும்ப உழைப்பும்: கொங்குநாட்டு அனுபவம்

இந்திய வருமான வரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோவையைத் தவிர்த்துச் செல்ல இயலாது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகப் பொறுப்பேற்று, 1947 நவம்பர் 26 அன்று முதல் நிதிநிலை அறிக்கையைச் சமர்ப்பித்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவையைச் சேர்ந்தவர். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர், இடைக்கால அரசின் நிதி உறுப்பினராயிருந்த லியாகத் அலீகான் ஒரு நிதிநிலை அறிக்கையைத் தந்திருந்தார். அது உப்பு வரியை ஒழித்தது. 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொழில் இலாபத்தின் மீது 25 விழுக்காடு தனி வரி விதித்தது. வரி ஏய்ப்பை விசாரிக்க ஓர் ஆணையத்துக்கும் வழிசெய்தது. 'ஏழைகளின் பட்ஜெட்' எனப் பெயர்பெற்ற அது தொழிலதிபர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 25 விழுக்காடு என்பது ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. ஆனால் ஆணையம் நிலைத்தது. அவ்வாணையத்துக்கு அனுப்பப்பட்ட வழக்குகளுள் சிலவற்றைத் திரும்பப் பெற்றது தொடர்பாக எழுந்த சர்ச்சையிலேயே சண்முகம் செட்டியார் 1948 ஆகஸ்டில் பதவி விலகினார்.

பொள்ளாச்சிக்கு அருகே பிறந்த சி. சுப்பிரமணியம் 1974 முதல் 1977 வரை அதே நாற்காலியில் அமர்ந்தார். வருமான வரியின் உச்ச வீதத்தை 77 விழுக்காட்டிலிருந்து 66ஆகக் குறைத்தது அவரது 1976ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை. ஆலைகளும் தறிகளும் தோட்டங்களும் நிறைந்த ஒரு வட்டாரத்திலிருந்து இரண்டு நிதியமைச்சர்கள் தோன்றியது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் வரியைப் பற்றிச் சிந்திக்கக் கொங்குநாடு தக்க களம் என்பதில் ஐயமில்லை. இங்கே தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. வரியோ தொழிலைத் தனியாகவும் குடும்பத்தைத் தனியாகவும் பார்க்க முயல்கிறது.

வருமானம் உயர உயர, மேலடுக்கில் விழும் பகுதிக்கு மட்டும் கூடுதல் வீதத்தில் வரி விதிப்பதே வளர்விகித வரி எனப்படும். இது உழைப்பைக் குறைக்குமா, வளர்ச்சியைத் தடுக்குமா என்ற வினாவுக்குப் பொருளியலார் இரண்டு எதிரெதிர் விளைவுகளைச் சுட்டுவர். கூடுதலாக ஈட்டும் ஒரு ரூபாயில் பாதி போய்விடுமெனில், 'எதற்காக இன்னும் ஒரு ஷிப்ட் ஓட்ட வேண்டும்?' என்று தறி உரிமையாளர் எண்ணக்கூடும். இது பதிலீட்டு விளைவு. மறுபுறம், மகளின் திருமணத்துக்கும் வங்கிக் கடனுக்கும் தேவையான தொகை மாறாதிருக்க, கையில் மிஞ்சுவது குறைந்தால் அவர் முன்னிலும் கூடுதலாகவே உழைக்க நேரும். இது வருமான விளைவு. எது விஞ்சும் என்பதைக் கோட்பாடு மட்டுமே சொல்லிவிட முடியாது. குடும்பத்தின் ஏற்பாடும் தொழிலின் இயல்பும் அதைத் தீர்மானிக்கின்றன.

இவ்விடத்தில் இப்னு கல்தூனை மேற்கோள் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆட்சியின் தொடக்கத்தில் வீதம் குறைந்தும் வருவாய் மிகுந்தும் இருக்கும், முடிவில் வீதம் மிகுந்தும் வருவாய் குறைந்தும் போகும் என்று 'முகத்திமா'வில் அவர் எழுதியதை, 1981இல் அமெரிக்க அதிபர் ரீகனே தம் வரிக் குறைப்புக்குச் சான்றாக எடுத்தாண்டார். நம் அறிஞர் ஒருவர் வாஷிங்டனில் பேசப்பட்டதில் நமக்குப் பெருமை உண்டாவது இயல்பு. ஆனால் இப்னு கல்தூன் பேசியது அரசவையின் ஆடம்பரம் பெருகி, அதற்கு ஈடுகட்டப் புதுப்புதுத் தீர்வைகள் சுமத்தப்படுவதையும், ஆட்சியாளரே வணிகத்தில் இறங்கிக் குடிகளை நசுக்குவதையும் பற்றியாகும். செல்வந்தரிடம் கூடுதல் வீதம் பெறலாமா என்ற வினா அவர் முன் இருக்கவில்லை.

நமது மரபில் இவ்வினாவுக்கு இதைவிட நெருக்கமான ஒரு செய்தி உண்டு. மண்ணில் கிடைத்த புதையலில் ஐந்தில் ஒரு பங்கு. மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. கிணற்றிலிருந்து இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. வணிகப் பொருளில் நாற்பதில் ஒரு பங்கு. உழைப்பு ஏற ஏற வீதம் இறங்குகிறது என்பதை இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) எடுத்துக் காட்டியுள்ளார்கள். மாடு பூட்டிக் கவலை இறைத்து மஞ்சளும் பருத்தியும் விளைவித்த கொங்குநாட்டு உழவருக்கு இந்த ஏற்பாட்டின் நியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. இதில் வளர்விகிதம் இல்லை என்பது உண்மையே. தொகை எவ்வளவாயினும் வீதம் ஒன்றே. எனினும் உழைத்துப் பெற்றதற்கும் உழையாமல் வந்ததற்கும் வேறுபாடு காட்டப்படுகிறது. இந்திய வருமான வரியிலும் 1945 முதல் உழைப்பு வருமானத்துக்கென ஒரு தனிச் சலுகை சில காலம் இருந்தது. இன்றோ நிலைமை தலைகீழ். 2024 ஜூலை 23 முதல் பங்குச் சந்தையில் நீண்டகாலம் வைத்து விற்ற பங்கின் ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு, சம்பளத்தின் மேலடுக்குக்கு 30 விழுக்காடு. வளர்விகித வரியின் நியாயத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுவென்பது என் கருத்து.

உச்ச வீதமும் வளர்ச்சியும்

1956இல் இந்தியாவுக்கு வந்து அறிக்கை தந்த கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் நிக்கோலஸ் கால்டர், செல்வ வரி, செலவு வரி முதலியவற்றைக் கொண்டுவந்துவிட்டு, வருமான வரியின் உச்ச வீதத்தை 45 விழுக்காட்டுக்கு இறக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் புதிய வரிகளை ஏற்றுக்கொண்டார். இறக்கச் சொன்னதை அந்த அளவுக்கு இறக்கவில்லை. 1973-74இல் உச்ச வீதம் கூடுதல் தீர்வையுடன் 97.75 விழுக்காட்டை எட்டிற்று. 2 லட்சத்துக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் கைக்கு மிஞ்சுவது இரண்டே கால் ரூபாய். இவ்வளவு உயர்ந்த வீதமே ஏய்ப்பை வளர்க்கிறது என்று வாஞ்சூ குழு 1971இலேயே கூறி, 75 விழுக்காட்டைப் பரிந்துரைத்திருந்தது. பின்னர் வந்த இறக்கங்கள் வேகமானவை: 1974இல் 77, 1976இல் 66, 1985இல் 50, 1997இல் 30.

இக்காலத்தில் கொங்குநாடு என்ன செய்துகொண்டிருந்தது? வீதம் ஏறிய பத்தாண்டுகளில் கோவையின் பம்புசெட்டுத் தொழிலும் வார்ப்பட ஆலைகளும் வளர்ந்தன. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகள் பெருகின. திருப்பூர் பனியன் உள்நாட்டுச் சந்தையிலிருந்து ஏற்றுமதிக்குத் திரும்பியது 97.75க்கும் 50க்கும் இடைப்பட்ட காலத்தில். 1932இல் தொடங்கிய பைக்காரா மின்சாரம் ஆலைகளுக்குத் தந்த உந்துதலைப் போன்ற காரணங்களை விட்டுவிட்டு, வரி வீதத்தை மட்டும் வைத்து இவ்வளர்ச்சியை விளக்க முனைவது பொருந்தாது. அதேபோல, 1990களின் திருப்பூர்ப் பெருவளர்ச்சியை உச்ச வீதம் இறங்கியதற்குச் சான்றாகக் காட்டுவதும் பொருந்தாது. ஏற்றுமதி இலாபத்துக்கு 1983இல் அறிமுகமாகி, பின்னர் முழு விலக்காக விரிந்த 80எச்எச்சி பிரிவு அப்போது நடைமுறையில் இருந்தது. ஏற்றுமதியாளர் பலருக்கு உச்ச வீதம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஏட்டளவான செய்தியே. 2000க்குப் பின் படிப்படியாக அச்சலுகை நீக்கப்பட்டது.

அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு ஓவன் ஸிடார் 2019இல் வெளியிட்ட ஆய்வு, வருமான ஏணியின் கீழ்ப்படிகளில் உள்ளோருக்கு வரி குறையும்போதுதான் வேலைவாய்ப்பு தெளிவாகப் பெருகுகிறது. மேல் பத்து விழுக்காட்டினருக்குத் தரும் குறைப்பின் விளைவு சிறியது என்று காட்டியது. அபிஜித் பானர்ஜியும் தாமஸ் பிக்கெட்டியும் 2005இல் வெளியிட்ட கட்டுரையோ, இந்தியாவின் மேல் ஒரு விழுக்காட்டினரது வருமானப் பங்கு 1980களின் தொடக்கம் வரை சுருங்கிப் பின்னர் விரிந்ததை வரித் துறையின் கணக்குகளிலிருந்தே எடுத்துக் காட்டியது. எனவே மிதமான வளர்விகிதம் வளர்ச்சியைக் கொல்லும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. 97.75 போன்ற வீதம் அரசுக்கு வருவாயும் தராது, நேர்மையையும் வளர்க்காது என்பதற்குச் சான்று ஏராளம்.

யார் பெயரில் எழுதப்படுகிறது?

கொங்குநாட்டு அனுபவத்தில் வளர்விகித வரி உழைக்கும் நேரத்தை எவ்வளவு குறைத்தது என்பதைவிட, அவ்வுழைப்பு யார் பெயரில் எழுதப்பட்டது என்பதை எவ்வளவு மாற்றியது என்பதே முதன்மையான கேள்வி. அடுக்கடுக்காக வீதம் ஏறும் எந்த வரியிலும் ஒருவர் பெயரில் 20 லட்சம் இருப்பதைவிட இருவர் பெயரில் பத்துப்பத்தாக இருப்பது இலாபம். ஆகவே கூட்டாளிகள் பெருகினர். 1992 வரை பதிவுபெற்ற கூட்டு நிறுவனத்தின் இலாபம் கூட்டாளிகளிடையே பிரிக்கப்பட்டு, அவரவர் கையில் அவரவர் அடுக்கில் வரிக்குள்ளானது. சகோதரர்களும் மைத்துனர்களும் கூட்டாளிகளாயினர், மனைவியரும் ஆயினர். திருப்பூரை ஆராய்ந்து சரத் சாரி 2004இல் எழுதிய நூல், அங்கே கூட்டு நிறுவனங்கள் எவ்வாறு எளிய உழவர்களையும் தொழிலாளர்களையும் முதலாளிகளாக்கின என்பதையும், தங்கள் உயர்வை அவர்கள் 'உழைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கியதையும் பதிவுசெய்துள்ளது. அச்சொல்லுக்குள் வீட்டுப் பெண்களின் உழைப்பு எவ்வளவு அடங்கியிருந்தது என்பதை வருமான வரிப் படிவத்தில் தேடினால் கிடைக்காது.

மனைவியின் பெயரிலான பங்கை ஆங்கிலேய அரசு ஐயத்துடனேயே நோக்கிற்று. கணவனும் மனைவியும் கூட்டாளிகளாக உள்ள நிறுவனத்தில் மனைவிக்கு வரும் வருமானத்தைக் கணவனுடையதோடு சேர்த்துக் கணக்கிடும் விதி 1937இல் நுழைந்தது. அவ்விதியில் கண்ட 'தனிநபர்' என்ற சொல் ஆணை மட்டுமே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1957இல் சோத்ரா தேவி வழக்கில் தீர்ப்பளித்தது. அதாவது, மனைவியின் வருமானம் கணவனோடு சேரும்; கணவனுடையது மனைவியோடு சேராது.

1975ஆம் ஆண்டு வரிச் சட்டத் திருத்தம் வலையை அகலமாக்கியது. சி. சுப்பிரமணியம் நிதியமைச்சராயிருந்த காலம் அது. ஒருவருக்குக் கணிசமான பங்குள்ள தொழிலில் அவருடைய கணவன் அல்லது மனைவி பெறும் சம்பளமும் அவரது வருமானத்தோடு சேர்க்கப்படும். விலக்கு ஒன்றே: அவருக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவால் மட்டுமே அவ்வருமானம் வந்திருக்க வேண்டும். 2025இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை.

இதன் பொருளை ஒரு கணக்கால் காண்போம். பல்லடத்தில் ஒருவர் தம் பெயரில் தறிக்கூடம் நடத்துகிறார். மனைவி நூல் இருப்பைக் கவனிக்கிறார், கூலிப் பட்டுவாடா செய்கிறார், வங்கிக்கும் போய் வருகிறார். அவருக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சம்பளம் கொடுத்தது போக இலாபம் 12 லட்சம். 2025ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் புதிய அடுக்குகளின்படி, இருவரையும் தனித்தனியே கணக்கிட்டால் கணவருக்குத் தள்ளுபடியினால் வரி இல்லை. 4 லட்சம் வரை வரியே இல்லாததால் மனைவிக்கும் இல்லை. சேர்த்துக் கணக்கிட்டால் 16 லட்சத்துக்கு வரி 1,20,000 ரூபாய். மனைவி கணக்குத் தணிக்கை படித்திருந்தால் முதல் கணக்கு. பத்தாம் வகுப்போடு நின்று இருபது ஆண்டு அனுபவத்தால் அதே வேலையைச் செய்தால் இரண்டாம் கணக்கு என அதிகாரி சொல்லக்கூடும். தகுதி என்பது பட்டச் சான்றிதழாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 1980களில் பட்டா கல்யாணி வழக்கில் கூறியது ஆறுதலான செய்தி. ஆயினும் தணிக்கையாளர்கள் தரும் நடைமுறை ஆலோசனை வேறாகவே இருக்கும்: 'வம்பு எதற்கு? சம்பளம் எழுதாதீர்கள்.' அவ்வாறு எழுதாதபோது அவர், அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 'குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்' ஆகிறார். அவர் பெயரில் சேமநிதி இல்லை. கடன் கேட்கக் காட்ட வருமானச் சான்று இல்லை. மணமுறிவோ கணவரின் மரணமோ நேர்ந்தால் தம் உழைப்பை நிறுவ ஒரு தாளும் இல்லை.

போலிச் சம்பளம் எழுதி வரி ஏய்ப்போர் இல்லையென்று நான் வாதிடவில்லை. அவர்களைத் தடுக்கவே அவ்விதி பிறந்தது. ஆனால் வேலை நடந்ததா, சம்பளம் நியாயமானதா என்று பார்க்க வேறு விதிகள் உள்ளன. உறவினருக்குக் கொடுத்த மிகையான ஊதியத்தைச் செலவாக ஏற்க மறுக்கும் அதிகாரம் வரித் துறைக்கு உண்டு. படிப்பைக் கேட்பது எதற்கு?

மற்றொரு பக்கம் இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற ஏற்பாடு உள்ளது. இந்து, சமண, சீக்கியக் குடும்பங்கள் பரம்பரைச் சொத்தின் வருமானத்துக்குக் குடும்பத்தையே தனி வரிதாரராகக் காட்டி, அதற்கெனத் தனி அடுக்குகளைப் பெறலாம். கொங்குநாட்டின் தொழிற் குடும்பங்களுக்கு இது புதிதன்று. ஒரே தெருவில் ஒரே அளவு வணிகம் செய்யும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இவ்வாய்ப்பில்லை. 2018 ஆகஸ்டில் வெளியான சட்ட ஆணையத்தின் கலந்தாய்வு அறிக்கை இவ்வேற்பாட்டை நீக்கலாம் என்றது. அவ்வாறே நமக்கும் ஒரு கூட்டுக் குடும்ப வரிதாரர் தகுதி வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. அது நம் சட்ட மரபுக்கே புறம்பானது. இஸ்லாமிய ஃபிக்ஹில் மனைவியின் சம்பாத்தியம் அவளுடையது. அவளது நகைக்கு நிஸாப் தனியாகப் பார்க்கப்படும். கணவனின் செல்வத்தோடு சேர்த்து ஸகாத் கணக்கிடப்படுவதில்லை. குடும்பத்தைத் தாங்கும் கடமை கணவனுடையது. வீட்டு வேலையைப் பொறுத்தவரை, அது மனைவியின் சட்டக் கடமையன்று என்பதே ஷாஃபிஈ, ஹன்பலி அறிஞர்களில் பெரும்பான்மையோர் நிலை. கொங்குநாட்டில் பெருவழக்காயுள்ள ஹனஃபி மத்ஹபோ அதை மார்க்க நெறிப்படியான கடமையாகக் கொண்டாலும், நீதிமன்றம் வற்புறுத்தத்தக்க கடமையாகக் கொள்ளவில்லை. வரிக்குரிய அலகு தனிமனிதரே என்ற கோட்பாடு நமக்கு அந்நியமானதன்று.

வரிக்கு எட்டாத உழைப்பு

இதுவரை பேசியது வரி கட்டும் மெல்லிய படலத்தைப் பற்றி. நாடு முழுவதும் 2024 ஜூலை 31 வரை தாக்கலான படிவங்கள் 7.28 கோடி, அவற்றுள்ளும் கணிசமானவை வரி ஏதுமில்லாதவை. வீட்டுத் திண்ணையில் பனியனுக்குப் பிசிறு வெட்டுபவருக்கும் தார் சுற்றுபவருக்கும் வருமான வரியின் வளர்விகிதம் நேரடியாக எட்டாது. ஆனால் வரி தொடாதது என்பதே வீட்டு உழைப்பை வரியோடு பிணைக்கிறது. வீட்டில் மாவரைத்தால் அதற்கு வரியில்லை. வெளியில் வேலைக்குப் போய் அச்சம்பளத்தில் மாவு வாங்கினால் சம்பளத்துக்கு வரி, மாவுக்கும் வரி. அடுக்கு உயர உயர, வீட்டிலேயே செய்துகொள்வது மலிவாகத் தோன்றும். 2006இல் புவிசார் குறியீடு பெற்ற கோவை கிரைண்டர் உணவகத்தில் இருந்தால் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கலாம். அடுக்களையில் இருந்தால் கழிக்க முடியாது. அரைப்பது அதே அரிசிதான்.

2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024இல் இவை முறையே 289, 88. இவ்வுழைப்புக்கு மதிப்பளிக்கும் முகமாகத் தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. தகுதிக்கான குடும்ப வருமான எல்லையாக ஆண்டுக்கு 2.5 லட்சம் வைக்கப்பட்டது. அவ்வெல்லையை ஒரு ரூபாய் தாண்டினாலும் 12,000 ரூபாய் இழப்பு. தையல் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் திருப்பூர்ப் பெண்ணுக்கு, எந்த உச்ச வீதத்தைக் காட்டிலும் கூரிய படிக்கட்டு அதுவே.

கூட்டுப் படிவம் என்னும் யோசனை

2025 பட்ஜெட்டுக்கு முன் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், கணவனும் மனைவியும் விரும்பினால் ஒரே படிவமாகத் தாக்கல் செய்ய அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்கா 1948 முதலும் ஜெர்மனி 1958 முதலும் இத்தகைய முறையைக் கையாள்கின்றன. ஸ்வீடன் 1971இலும் பிரிட்டன் 1990இலும் அதிலிருந்து விலகித் தனிநபர் வரிக்கு மாறின. ஒருவர் மட்டுமே ஈட்டும் குடும்பங்களுக்கு நீதி என்று இவ்யோசனையைப் பலர் வரவேற்றனர். நம் சமூகத்திலும் அத்தகைய குடும்பங்கள் மிகுதி என்பதால் இது கவர்ச்சியாகவே தோன்றும்.

2025ஆம் ஆண்டு அடுக்குகளை அப்படியே இரட்டிப்பாக்கிக் கூட்டுப் படிவம் வருவதாகக் கொள்வோம். கணவரின் வருமானம் 30 லட்சம். மனைவி வேலைக்குச் செல்லவில்லை. தனிநபர் முறையில் வரி 4,80,000. கூட்டு முறையில் 2,10,000. குடும்பத்துக்குப் பெரும் ஆதாயம்தான். இப்போது மனைவி ஒரு பள்ளியில் 4 லட்சம் சம்பளத்தில் சேர்கிறார். தனிநபர் முறையில் அச்சம்பளத்துக்கு வரியே இல்லை. கூட்டு முறையில் குடும்ப வரி 2,80,000 ஆகிறது. அவர் சம்பாதித்த 4 லட்சத்துக்கு விழுந்தது 70,000. பேருந்துக் கட்டணமும் குழந்தைக் காப்பகச் செலவும் போக மிஞ்சுவதைக் கணக்கிடும்போது, 'நீ போகாமல் இருப்பதே நமக்கு இலாபம்' என்று வீட்டில் பேசப்படும். மணமான பெண்கள் வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவில் ஆண்களைவிட வரிக்குக் கூடுதலாக இணங்கி மாறுகின்றனர் என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்ட செய்தி. பாஸ்கினும் ஷெஷின்ஸ்கியும் 1983இல் இதையே அடிப்படையாகக் கொண்டு, இரண்டாம் வருமானத்துக்குக் குறைந்த வீதமே தகும் என்று வாதிட்டனர்.

கரும்புக்கடையிலும் கோட்டைமேட்டிலும் இன்று பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ செல்லத் தொடங்கியிருக்கும் முதல் தலைமுறைப் பெண்களின் சம்பளம் பெரும்பாலும் இவ்வளவில்தான் தொடங்கும். கணவனின் உச்ச அடுக்கின் மேல் அவர்களது முதல் ரூபாயைக் கொண்டுபோய் வைக்காதிருப்பது, நடைமுறையிலுள்ள தனிநபர் முறை அவர்களுக்குத் தரும் வெளியில் தெரியாத சலுகை. 1975ஆம் ஆண்டு விதியோ அதே சலுகையைக் குடும்பத் தொழிலில் உழைக்கும் பெண்ணிடமிருந்து பறித்துவிடுகிறது. அவ்விதியிலுள்ள படிப்புத் தகுதி நிபந்தனையை நீக்கி, வேலை நடந்ததற்கான சான்றையும் வங்கி வழிப் பட்டுவாடாவையும் மட்டும் கேட்டால் போதும். அரசுக்கு நேரும் வருவாய் இழப்பு, பங்கு ஆதாயத்தின் 12.5 விழுக்காட்டைச் சற்று உயர்த்தினால் ஈடாகிவிடக்கூடியதே.